21 வயதில் சாத்தப்படும் கதவு

காப்பகத்தில் வதைக்கப்பட்ட குழந்தை வளர்ந்தபின் வாய் திறந்தால், அதை எதிர்கொள்ளும் முதற் கேள்வி, “இத்தனை ஆண்டுகள் ஏன் சொல்லவில்லை?” என்பதுதான். காவல் நிலையத்திலும் உறவினர் வீட்டிலும் கேட்கப்படும் இக்கேள்வியின் கொடுமையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இந்திய உரிமையியல் சட்டமும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

“சட்டங்கள் போதுமானவை, விழிப்புணர்வுதான் இல்லை” என்பது கருத்தரங்குகளில் சலிக்காமல் ஒலிக்கும் வாசகம். அதில் பாதி உண்மை. போக்சோ சட்டத்தின்கீழ் வரும் பாலியல் குற்றத்தைப் பாதிக்கப்பட்டவர் எந்த வயதிலும் புகாராக அளிக்கலாம் என்பதை 2018இல் ஒன்றிய அரசே தெளிவுபடுத்தியது. காப்பக நிர்வாகியோ பணியாளரோ குற்றவாளியாக இருந்தால் தண்டனை மேலும் கடுமையாகும். குற்றம் நடந்ததை அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பதும் குற்றமே. வழக்கு முடியும்வரை காத்திராமல் இடைக்கால இழப்பீடு வழங்கச் சிறப்பு நீதிமன்றம் ஆணையிடலாம். அரசின் பொறுப்பில் இருந்தவரின் வாழ்வுரிமை மீறப்பட்டால், நீதிப்பேராணை வழியாக அரசிடமிருந்தே இழப்பீடு பெறலாம் என்பதை நீலாபதி பெஹரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993இலேயே நிலைநாட்டிவிட்டது.

மற்றப் பாதியைக் காண வேண்டுமானால் முசாபர்பூரைப் பார்க்க வேண்டும். பீகார் அரசின் நிதியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய அந்தச் சிறுமியர் இல்லத்தின் கொடுமையை அரசின் ஆய்வுக் குழுக்கள் வெளிக்கொணரவில்லை. டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் சமூகத் தணிக்கையே 2018இல் அதை வெளியே கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தின் ஆணையால் தில்லிக்கு மாற்றப்பட்டது. 2020 ஜனவரியில் 19 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அவர்களுள் மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவின் தலைவராக இருந்தவரும் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலராக இருந்தவரும் அடக்கம். முறையிட வேண்டிய இடத்தில் அமர்ந்திருந்தவர்களே குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். அச்சிறுமியர் யாரிடம், எப்போது சொல்லியிருக்க வேண்டும்?

பாலியல் வன்முறையாவது காலவரம்பிலிருந்து தப்பியது. அடி, பட்டினி, இருட்டறை ஆகியவற்றின் நிலை என்ன? இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 82ஆம் பிரிவின்படி, காப்பகப் பணியாளர் ஒழுங்குபடுத்துவதாகச் சொல்லிக் குழந்தையை அடித்தால், முதல் முறைக்கான தண்டனை 10,000 ரூபாய் அபராதம் மட்டுமே. அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்பதற்கான காலவரம்பு ஆறு மாதம். தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. ஆனால் அது அதன் விருப்புரிமை. பெருங்கொடுமைக்கான 75ஆம் பிரிவு, நிறுவனப் பணியாளர்களுக்கு ஐந்தாண்டுவரை கடுங்காவல் விதிக்கிறது. ஆனால் 2021ஆம் ஆண்டுத் திருத்தம், மூன்று முதல் ஏழாண்டுவரை தண்டனைக்குரிய குற்றங்களை நடுவரின் ஆணையின்றிக் காவல்துறை புலனாய்வு செய்ய முடியாதவையாக மாற்றிவிட்டது. பதினைந்து வயதில் காப்பகத்தைவிட்டு ஓடிவந்த ஒரு சிறுவன், காவல் நிலையத்துக்கு அல்ல, நடுவர் நீதிமன்றத்துக்கு வழி கேட்டுச் செல்ல வேண்டும்.

உரிமையியல் வழக்கின் நிலை இதைவிட மோசம். காலவரம்புச் சட்டம், 1963, சிறார் பருவத்தைக் கணக்கில் சேர்க்காது, அதுவரை நியாயமே. ஆனால் 18 வயது நிறைந்தபின் அதிகபட்சமாக மூன்றாண்டுகளுக்குமேல் அவகாசம் தராது. 21 வயதில் கதவு சாத்தப்படுகிறது. அதே இளைஞர் நீதிச் சட்டத்தில் ‘பிற்காப்பு’ என்பது யாருக்கு? காப்பகத்தைவிட்டு வெளியேறிய, 18 வயது நிறைந்து 21 வயது நிறையாதவர்களுக்கு. தங்கும் இடத்துக்கும் கல்விக்கும் சான்றிதழுக்கும் எந்த அமைப்பை ஒருவர் நம்பியிருக்கிறாரோ, அதே அமைப்பின்மீது அதே மூன்றாண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்பதே இவ்விரு சட்டங்களையும் சேர்த்து வாசித்தால் கிடைக்கும் பொருள். சிறாராக இருக்கும்போதே வேறொருவர் அவர் சார்பில் வழக்காடலாமே எனின், அந்த வேறொருவர் யார்? வீட்டில் வளரும் குழந்தைக்குப் பெற்றோர் உண்டு. காப்பகக் குழந்தைக்குப் பெற்றோரின் இடத்தில் இருப்பது அக்காப்பகமே.

“பழைய வழக்குகளில் சாட்சியம் அழிந்திருக்கும், பொய்ப் புகார்கள் பெருகும்” என்பது வழக்கமான மறுப்பு. மெய்ப்பிக்கும் சுமை எப்படியும் வழக்காடுபவர்மீதே இருக்கிறது. சாட்சியம் போதாவிட்டால் வழக்கு தோற்கும், அவ்வளவே. காலவரம்பு சாட்சியத்தை எடைபோடுவதில்லை, எடைபோடுவதையே தடுக்கிறது. மேலும், வருகைப் பதிவேடும் மருத்துவக் குறிப்பும் நிறுவனத்தின் அலமாரியில் இருக்கும்போது, அவை அழிந்தால் அதன் பலன் அழியவிட்டவருக்கே போய்ச் சேர்கிறது.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. நியூயார்க் மாநிலம் 2019இல் இயற்றிய சட்டம், சிறார் பருவத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் 55 வயதுவரை உரிமையியல் வழக்குத் தொடுக்க வழிசெய்தது. ஏற்கெனவே காலம் கடந்துபோன வழக்குகளுக்கும் குறிப்பிட்ட காலத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது. நிறுவனங்களும் அங்கே பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

இங்கே கேட்கப்பட வேண்டியவை நான்கு. நிறுவனப் பராமரிப்பில் இருந்தவர்களுக்கு உரிமையியல் காலவரம்பு நீக்கப்பட வேண்டும். 75ஆம் பிரிவில் காவல்துறையின் நேரடிப் புலனாய்வு அதிகாரம் மீள வேண்டும். காப்பக ஆவணங்களை நிறுவனத்துக்கு வெளியே நீண்டகாலம் பாதுகாக்க வேண்டும். 18 வயதில் வெளியேறும் ஒவ்வொருவருக்கும் அவருடைய சட்ட உரிமைகளை அவருடைய மொழியில் எழுதித் தர வேண்டும்.

குழந்தைமை பற்றியும் வன்முறை பற்றியும் ஆய்வேடுகள் பெருகிவரும் பல்கலைக்கழகங்கள், காலவரம்புச் சட்டத்தை வழக்கறிஞர்களின் தனிச் சொத்தாக விட்டுவிட்டன. “ஏன் அப்போதே சொல்லவில்லை?” என்று கேட்கும் உரிமை, சொல்வதற்கு ஓர் இடத்தை அமைத்துத் தந்தவர்களுக்கே உண்டு. அந்த இடத்தை இந்நாடு இன்னும் அமைக்கவில்லை.