கொம்பும் மணற்பையும்



மூன்று ஆண்டுகளுக்கு முன் பாஸ்கா திருவிழிப்பு இரவு. கோயில் முற்றத்தில் புதுத்தீ எரிந்துகொண்டிருந்தது. மக்கள் இருளில் காத்து நின்றனர். பாஸ்காத் திரியின்மேல் எழுத்தாணியால் சிலுவை வரைந்து, அதன் மேலே அகரமும் கீழே னகரமும், நான்கு கோணங்களில் அவ்வாண்டின் நான்கு எண்களும் குருவானவர் கீறுவதை நீங்கள் ஆண்டுதோறும் கண்டிருப்பீர்கள். அன்று திரியைப் பிடித்திருந்த பீடச் சிறுவனுக்கு வயது பன்னிரண்டு. மூன்றாம் எண்ணை நான் கீறும்போது, உருண்ட திரி அவன் கையில் சற்றே சுழன்றது. எழுத்தாணி வழுக்கி, மெழுகில் நீண்டதொரு கோடு விழுந்தது. "ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதா?" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டேன். சிறுவன் அஞ்சி, முன்னிலும் இறுக்கிப் பிடித்தான். விரல் நுனிகள் வெளுத்தன, கை நடுங்கலாயிற்று. நான்காம் எண் மூன்றாவதைவிடக் கோணலாக முடிந்தது. அதற்குப்பின் பல ஞாயிறுகள் அவன் பீடத்தருகே வரவில்லை.

உருண்ட பொருளைப் பிடிப்பது எங்ஙனம் என்பதை அதே ஆண்டில் ஜவ்வாது மலைமேல், ஒரு மாட்டுக் கொம்பின் அருகே அமர்ந்து கற்றுக்கொண்டேன். அதையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஜமுனாமரத்தூருக்கு அப்பால் உள்ள கிளை ஊர் ஒன்றில் திருப்பலி முடித்துவிட்டு, நோயுற்றிருந்த ஒருவரைப் பார்க்கச் சென்றேன். திரும்பும் வழியில், சாமைக் களத்தை ஒட்டிய வீட்டுத் திண்ணையில் பெரியவர் ஒருவர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். இளமையில் பிழைப்புத் தேடித் திருவனந்தபுரம் சென்றவர் அவர். கொம்பிலே பறவையும் மீனும் சீப்பும் செய்வதில் பெயர் பெற்ற ஊர் அது. அங்கு ஒரு பட்டறையில் சில ஆண்டுகள் எடுபிடியாக இருந்து, கண்ணால் கற்ற தொழிலை மலைக்குக் கொண்டுவந்தார். விற்பதற்காக அன்று, மனத்திற்காகச் செய்கிறார். அன்று அவர் கையில் இருந்தது, பதினாறு ஆண்டுகள் தம் நிலத்தை உழுது, முதுமையில் இறந்துபோன எருதின் கொம்பு. காட்டில் உதிர்ந்து கிடக்கும் மான் கொம்பையோ காட்டெருமைக் கொம்பையோ எடுத்து வைத்துக்கொள்வது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை அவர் நன்கு அறிவார். இது வீட்டு மாட்டின் கொம்பு.

கொம்பு என்று நாம் சொல்வது ஓர் உறைதான். நம் நகம் எப்பொருளால் ஆனதோ அப்பொருளாலேயே அதுவும் ஆனது. உள்ளே எலும்பு இருக்கும். பல நாள் நீரில் ஊறவைத்தால் எலும்பு தளர்ந்து கழன்றுவிடும். அடிப்பக்கம் கூடாகவும் நுனிப்பக்கம் கெட்டியாகவும் உள்ள கொம்பு மிஞ்சும். அதைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, தேன்மெழுகு பூசித் துடைத்தால், பழைய தந்தத்தைப்போல் பளபளக்கும். மெழுகு பூசுவது அழகுக்காக மட்டுமன்று. கீறாத இடத்தில் மை ஊறிக் கறைபடாமல் காப்பதும் அதுவே. பின்னர்க் கோணி ஊசியைத் தீட்டி, மரப்பிடியில் பொருத்தி, அதன் முனையால் மெல்லிய கோடுகளைக் கீறுகிறார். விளக்கின் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துடைத்தால், கோட்டில் மட்டும் கருமை தங்கும். எருமைக் கொம்பு கருப்பாதலால் அதற்குச் சுண்ணாம்பைக் குழைத்துத் தேய்ப்பாராம். அன்று அவர் வரைந்துகொண்டிருந்தது ஒரு சிலுவையும், அதைச் சுற்றிப் படர்ந்த சாமைக் கதிரும்.

அவர் அருகே ஒரு மணற்பை கிடந்தது. தடித்த கித்தான் துணியில் தைத்து, சலித்துக் காயவைத்த மணலை முக்கால் பங்கு நிரப்பியிருந்தார். கொம்பு அதன்மேல், தொட்டிலில் பிள்ளை கிடப்பதுபோல் கிடந்தது. "நானும் ஒரு கோடு இழுக்கட்டுமா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஊசியைத் தந்தார். பையை ஒதுக்கிவிட்டுக் கொம்பைப் பலகைமேல் வைத்து, இடக்கையால் அழுத்திப் பிடித்துக் கீறினேன். கொம்பு உருண்டது, ஊசி வழுக்கிக் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. திண்ணை மூலையில் மரையிட்டு நெருக்கும் இரும்பு வைஸ் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. "இதில் மாட்டிவிட்டால் அசையாதே, பெரியவரே?" என்றேன்.

அவர் எழுந்து உள்ளே சென்று, பழைய கொம்பு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அடியிலிருந்து நடுவரை நீண்டதொரு வெடிப்பு. "இது வைஸ் பண்ணின வேலை, சாமி. கொம்பை நெருக்கக் கூடாது. தாங்கணும்" என்றார்.

அதன் காரணத்தை அவர் விளக்கியபோது வியந்தேன். கொம்பில் நார்கள் அடி முதல் நுனி வரை நீளவாக்கில் ஓடுகின்றன. கூடான அடிப்பக்கத்தை இருபுறமும் இரும்பு நெருக்கினால், அந்நார்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துவிடும். மணலோ, கொம்பு எந்த வடிவில் வளைந்திருக்கிறதோ அந்த வடிவிலேயே தானும் குழிந்து, ஓரிடத்திலும் அழுத்தாமல் எல்லா இடத்திலும் தாங்குகிறது. மணல் மிகுந்தால் பை கல்லாகிவிடும், கொம்பு உருளும். குறைந்தால் கொம்பு பலகையில் தட்டும். ஆகவேதான் முக்கால் பங்கு. கொம்பைத் திருப்ப வேண்டுமானால், கூடான அடியில் துணி சுற்றிய மர ஆப்பைச் செருகி, அதையே கைப்பிடியாக்கிக்கொள்கிறார். உள்ளிருந்து கிடைக்கும் பிடிப்பு, வெளியிலிருந்து நெருக்கும் பிடிப்பைவிட நல்லது என்பது அவர் கண்ட அனுபவம்.

இன்னும் இரண்டு பாடங்கள் சொன்னார். ஒன்று: கீறும் கையின் சுண்டுவிரல் எப்போதும் கொம்பின்மேலேயே ஊன்றியிருக்க வேண்டும். அப்போது கொம்பு அசைந்தாலும் கை உடன் அசையும், கோடு தவறாது. அந்தரத்தில் நிற்கும் கைதான் வழுக்கும். மற்றொன்று: வளைவான கோட்டுக்கு ஊசியை வளைக்காதே, ஊசியை நிறுத்தி, கொம்பை அதனிடம் மெல்லத் திருப்பு.

இக்கலை இம்மலைக்கு மட்டும் உரியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் போர்வீரரும் குடியானவரும் வெடிமருந்து வைக்கும் மாட்டுக் கொம்புகளில் தம் பெயரையும் ஆண்டையும் நாட்டுப் படத்தையும் கீறி வைத்தனர். அடுத்த நூற்றாண்டில் திமிங்கில வேட்டைக்குச் சென்ற மாலுமிகள், ஓய்ந்த பொழுதில் திமிங்கிலப் பல்லிலே கப்பல் படங்களைப் பொறித்துக் கரி தேய்த்தனர். சூசன் என்னும் கப்பலில் இருந்த பிரடரிக் மைரிக் என்பவர் 1828, 1829-ஆம் ஆண்டுகளில் இங்ஙனம் பொறித்த பற்கள் இன்றும் போற்றப்படுகின்றன. ஆடும் கப்பலில் அசையாத மேசை ஏது? கப்பல் ஆட, பல்லும் ஆட, கையும் உடன் ஆடியிருக்க வேண்டும். நம் விசாகப்பட்டினத்துக் கைவினைஞர் தந்தத் தகடுகளில் பூக்கொடிகளைக் கீறி, கோடுகளில் கருநிற அரக்கை நிரப்பிய பெட்டிகளைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே செய்தனர்.

இவ்வளவு தொலைவு போவானேன்? நம் முன்னோர் பனை ஓலையில் எழுதியதும் இம்முறைதானே! இடக்கையில் ஓலை, வலக்கையில் எழுத்தாணி. எழுத்தாணி நிற்க, ஓலையே நகரும். எழுதி முடித்தபின் கரியைத் தேய்த்து மையாடுவார்கள்; எழுத்துத் துலங்கும். வீரமாமுனிவரின் தேம்பாவணியும் இங்ஙனம் ஓலையில் ஏறிய நூலே. அழுத்திப் பிடித்தால் ஓலை கிழியும். தளர்த்திப் பிடித்தால் எழுத்துக் கோணும்.

நிற்க. வெடித்த அந்தக் கொம்பைப் பெரியவர் ஏன் எறியாமல் வைத்திருக்கிறார் என்று கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு தம் இளைய மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், ஆந்திர மாநிலத்துச் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி, இருபது பேரைக் காவல் படையினர் சுட்டுக் கொன்ற செய்தியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர்களுள் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். அந்நாளில் இம்மலையில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லை! பெரியவரின் மகனுக்கு அப்போது வயது பதினெட்டு. கூலி ஆசை காட்டி இளைஞரை அழைக்கும் தரகர்கள் தம் ஊருக்கும் வருவார்களோ என்று தந்தை நடுங்கினார். மகனின் கைப்பேசியைப் பிடுங்கி வைத்தார். சந்தைக்கும் தனியே விடவில்லை. நண்பர் எவரேனும் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே விசாரித்துத் திருப்பி அனுப்பினார். இரவில் கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். அத்தனையும் அன்பினால்தான். நான்கு மாதம் கழித்து ஒருநாள் விடியலில், விறகுக்குப் போன மகன் திரும்பவில்லை. அவன் செம்மரம் வெட்டப் போகவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போயிருந்தான். ஆனால் அதைக்கூட இரண்டு ஆண்டுகள் வீட்டுக்குத் தெரிவிக்கவில்லை.

"கொம்புக்குத் தெரிஞ்சது, சாமி. மகனுக்குத் தெரியாமப் போச்சு" என்று சொல்லி, வெடிப்பின்மேல் விரலை ஓட்டினார்.

பின்னர் உறவினர் ஒருவர் மூலம் மகனுக்குச் சொல்லியனுப்பினாராம்: எப்போது வேண்டுமானாலும் வா, எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்கமாட்டேன் என்று. இப்போது மகன் கிறிஸ்துமஸுக்கும் பாஸ்காவுக்கும் வருகிறான். அறுவடைக்கும் ஒருமுறை வந்தானாம். பேச்சு இன்னும் குறைவுதான். கேள்வி கேட்க நா எழும்போதெல்லாம், உள்ளே சென்று அந்தக் கொம்பைப் பார்த்துவிட்டு வருகிறார் பெரியவர்.

அன்று மாலை ஆலங்காயம் வழியாக மலை இறங்கினேன். வழியில் காவலூர். வைணு பாப்பு என்னும் வானியல் அறிஞரின் பெயர் தாங்கி, 1986-ஆம் ஆண்டு முதல் அங்கு நிற்கும் பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் அகலமுடையது. பூமி சுழல்வதால் விண்மீன்கள் நகர்வனபோல் தோன்றுகின்றன. தொலைநோக்கி கல்லைப்போல் அசையாது நின்றால், விண்மீன் பார்வையிலிருந்து நழுவிவிடும். தானும் மெல்ல மெல்ல உடன் திரும்பினால்தான் விண்மீன் அதன் கண்ணில் அசையாது நிற்கும். மலைமேல் அறிஞர் செய்வதும் திண்ணையில் பெரியவர் செய்வதும் ஒன்றே என்று எனக்குப் பட்டது. உறுதியாகப் பிடித்தல் என்பது, உடன் திரும்பத் தெரிதல்.

எசாயா இறைவாக்கினர் நூலின் நாற்பத்தொன்பதாம் அதிகாரத்தில், தாய் தன் பிள்ளையை மறந்தாலும் தாம் மறவாதவர் என்று கூறும் ஆண்டவர், தம் மக்களைத் தம் உள்ளங்கைகளிலே பொறித்து வைத்திருப்பதாகச் சொல்கிறார். இதை எத்தனையோ முறை மறையுரையில் விளக்கியிருக்கிறேன். அன்றுதான் ஒன்று விளங்கிற்று. பொறித்த கையை எவரும் இறுக மூடிக்கொள்வதில்லை. பொறித்ததைப் பார்க்க வேண்டுமானால் உள்ளங்கை விரிந்திருக்க வேண்டும். ஊதாரி மகன் தன் பங்கைக் கேட்டபோது, அவ்வுவமையில் வரும் தந்தை கதவைப் பூட்டவில்லை. பங்கைப் பிரித்துக் கொடுத்தார். வழியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வைதான், அவர் மகன்மேல் ஊன்றி வைத்த விரல்.

பெற்றோரே, பிள்ளைகளைக் கைவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பிடிப்பே இல்லாத கொம்பு உருண்டு கீழே விழும். தரகனும் தீய நட்பும் உண்மையான ஆபத்துகளே. உங்கள் அச்சம் பொய்யன்று. ஆனால் பிள்ளையின் வளைவு என்னவென்று அறியாமல் எல்லாரையும் ஒரே இரும்பில் மாட்டாதீர்கள். தேர்வில் தோற்ற மகளையும், வேலை தேடி அலையும் மகனையும், திருமணப் பேச்சில் உடன்படாத பிள்ளையையும் நெருக்குமுன், அவர்களோடு உட்கார்ந்து ஒருவேளை உண்ணுங்கள். ஒன்றாகச் செபமாலை சொல்லும் வீட்டில், உள்ளிருந்து கிடைக்கும் பிடிப்பு ஒன்று பிள்ளைகளுக்கு உண்டு. வெளியூர் சென்றாலும் அது கூடவே செல்லும்.

இனி, என் கணக்கு. மலையிலிருந்து வந்த வாரமே அந்தப் பீடச் சிறுவனின் வீட்டுக்குச் சென்றேன். தவறு என்னுடையது என்று, அவன் தாய் தந்தையர் முன்னிலையில் சொன்னேன். அவன் தலைகுனிந்து நின்றான், ஒன்றும் பேசவில்லை. இரண்டு ஞாயிறு கழித்துத் திருப்பலிக்கு மணியடித்தவன் அவன்தான்.

இப்போது அவனுக்குப் பதினைந்து வயது. இவ்வாண்டு பாஸ்கா திருவிழிப்பிலும் திரியை அவனே பிடித்தான். மடித்த துணியொன்றைக் கையில் கொடுத்து, "இறுக்காதே தம்பி, தாங்கிக்கொள்" என்றேன். என் சுண்டுவிரலைத் திரியின்மேல் ஊன்றிக்கொண்டேன். சிலுவை முடிந்து எண்களுக்கு வந்தபோது, நான் கேளாமலே அவன் திரியை எழுத்தாணியின் பக்கம் மெல்லத் திருப்பினான். எண்கள் அச்சடித்தாற்போல் அமைந்தன என்று சொல்லமாட்டேன். ஆனால் நான்கும் நேராக நின்றன.

நம்மைத் தம் உள்ளங்கையில் தாங்கும் ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.