பேரன் காருக்கு ஒரு ஃபில்டர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, என் மச்சானின் பேரன் பெங்களூரிலிருந்து ஆம்பூர் வந்திருந்தான். அவன் வந்தது ஒரு சிவப்புக் காரில். தரையோடு தரையாக இருக்கிறது, இரண்டே பேர்தான் உட்காரலாம். தெருப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்றுவிட்டார்கள். 'சான் ஸ்டார்ம்' என்றான். நம் நாட்டிலேயே 1990களின் கடைசியில் வந்த ஸ்போர்ட்ஸ் கார். உடம்பு ஃபைபர் கிளாஸ். இன்ஜின் மட்டும் பிரான்சின் ரெனோ கம்பெனியுடையது: 1,149 சிசி, சுமார் 60 குதிரைத்திறன். பழைய வண்டியாக வாங்கியிருக்கிறான்.

"தாத்தா, இதே இன்ஜின் ரெனோ ட்விங்கோ கார்லயும் இருக்கு. அதோட புத்தகம் கிடைச்சுது, ஆனா எல்லாம் பிரெஞ்சு. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றான். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிறகு அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 'பார்வை', 'பொருள்' என்று எழுதியே முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். அந்தப் படிப்புக்கு ஆம்பூரில் ஒரு வேலை வந்தது இதுதான் முதல் தடவை.

விஷயம் இதுதான். இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் காகித ஃபில்டர். அதைப் பெட்டியோடு கழற்றிவிட்டு, வெளியில் விற்கிற கூம்பு மாதிரியான ஃபில்டரைப் பொருத்த வேண்டுமாம். "கம்பெனி ஃபில்டர் மூச்சை அடைக்குது தாத்தா. இதைப் போட்டா காத்து தாராளமாப் போகும். அஞ்சு குதிரைத்திறன் கூடும்னு கடைக்காரர் சொல்றார்."

நான் மெக்கானிக் இல்லை. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஏனென்று இங்கே எழுதுகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் இப்போது இப்படித்தான் ஏதாவது மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய 9,000 லிட்டருக்கு மேல் காற்று வேண்டும். அவ்வளவு காற்றோடும் தூசு வரும். நம் பக்கத்துத் தூசு சாதாரணமானதா? பாலாற்று மணல், நெடுஞ்சாலை லாரிகள் கிளப்பும் புழுதி. அந்த மண் துகள் சிலிண்டருக்குள் போனால் உப்புக் காகிதம் போட்டுத் தேய்க்கிற மாதிரிதான். பிஸ்டன் ரிங் தேய்ந்து, ஆயில் குடிக்க ஆரம்பித்துவிடும். பிரெஞ்சில் தூசுக்கு 'பூசியேர்' என்பார்கள். அந்தப் புத்தகத்திலும் அந்த வார்த்தை வந்தது: தூசு மிகுந்த ஊரில் ஃபில்டரைச் சீக்கிரம் மாற்று என்று. காற்று தாராளமாகப் போகிற ஃபில்டராகப் பார்த்துப் போடு என்று அதில் எங்கும் இல்லை.

இன்னொன்று சூடு. கம்பெனிப் பெட்டியின் குழாய் முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுக்கும்படி வைத்திருக்கிறார்கள். கூம்பைத் திறந்தாற்போல வைத்தால் அது இன்ஜின் பக்கத்துச் சூட்டுக் காற்றை இழுக்கும். 30 டிகிரிக் காற்று 60 டிகிரி ஆனால் அதன் அடர்த்தி 9 சதவீதம் குறைந்துவிடுகிறது. அடர்த்தி குறைந்தால் சக்தியும் குறையும். வேலூர் வெயிலில் கேட்கவே வேண்டாம். ஊருக்குள் ஓட்டும்போது ஆக்ஸிலரேட்டரைப் பாதிகூட மிதிப்பதில்லை; அப்போது காற்றைத் தடுப்பது ஃபில்டர் இல்லை, த்ராட்டில்தான். முழுக்க மிதித்து, அடிக்கடி இன்ஜினைப் பிரித்துப் பார்க்கிற இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் கதை வேறு. பையன் ஓட்டப்போவது ஆம்பூருக்கும் பெங்களூருக்கும் நடுவே. அவனுக்குக் கூடப்போவது சத்தம் மட்டும்தான். அது கேட்க நன்றாகத்தான் இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை.

இதையெல்லாம் சொல்லியும் அவன் முகம் மாறவில்லை. அப்புறம்தான் திண்ணையைக் காட்டினேன். அங்கே அவன் தாத்தா, என் மச்சான், உட்கார்ந்திருந்தார்.

அவர் ஒரு தோல் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் பஃபிங்கில் நின்றவர். தோலை எமரி சுற்றிய உருளையில் கொடுத்து மேல்பரப்பைத் தேய்க்கிற வேலை. மாவு மாதிரி பறக்கும். மூக்கில் கட்டிக்கொள்ளத் தடித்த துணி கொடுத்தார்கள். அதைக் கட்டினால் மூச்சு முட்டுகிறது என்று அவரும் கூட்டாளிகளும் மெல்லிய கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார்கள். "இதுல மூச்சு விட நல்லா ஈஸியா இருக்கு மாப்ளே" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். ராத்திரி மூக்கைச் சிந்தினால் சாம்பல் நிறத்தில் வரும். இன்றைக்குக் கொல்லைக்குப் போய்வர நடுவில் ஒரு தடவை உட்கார வேண்டியிருக்கிறது.

குற்றம் அவருடையது என்று நான் சொல்லமாட்டேன். எட்டு மணி நேரம் அந்த வெக்கையில் தடித்த துணியோடு யார் நிற்க முடியும்? தூசை மெஷினிலேயே உறிஞ்சி வெளியே தள்ளும் ஏற்பாடு இருந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் அப்போது இல்லை. ஆனால் பேரனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: மூச்சு சுலபமாகப் போகிறது என்றால், தூசும் அதே வழியாகச் சுலபமாகப் போகிறதா என்று முதலில் கேள். ஃபில்டருக்கு அழகு எவ்வளவு விடுகிறது என்பதில் இல்லை, எதைத் தடுக்கிறது என்பதில் இருக்கிறது.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தாத்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கழற்றாமல்தான் கிளம்பினான். முழு மனசாகவா என்று தெரியாது, வயது அப்படி.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவன் இருந்தால் இதைச் சொல்லுங்கள். பெட்டி இருக்கட்டும். புதுக் காகித ஃபில்டர் போடு. ஓரத்து ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, முன்பக்கக் குழாய் உடையாமல் இருக்கிறதா பார். வாட்டர் வாஷ் கடையில் பெரிய காற்று அடித்துச் சுத்தம் செய்யாதே, காகிதம் கிழியும். எந்த ஃபில்டராக இருந்தாலும் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு, அதைத் தாண்டி இன்ஜின் பக்கம் போகும் குழாயின் உட்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார். துணியில் மண் ஒட்டினால், கடைக்காரர் என்ன சொன்னாலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடு.