புலியா, புளியா? குழந்தையே உருவாக்கும் ஒலி விளையாட்டு!

'புளி' என்று சொன்னால் 'புலி' என்று எழுதுகிறதா குழந்தை? நூறு முறை எழுதச் சொல்லாதீர்கள். காதில் விழுந்ததைத்தான் குழந்தை எழுதும். வீட்டில் பெரியவர்களே மழையை 'மளை' என்றால், அது என்ன செய்யும்?

பழைய கல்யாணப் பத்திரிகைகளை அட்டைகளாக வெட்டிக் கொடுங்கள். புலி - புளி, பல்லி - பள்ளி, மலை - மழை என ஜோடி ஜோடியாகக் குழந்தையே படம் வரையட்டும். விளையாட்டுக்குப் பெயரும் விதியும் அதுவே வைக்கட்டும். தொடக்கமாக, ஒருவர் சொல்ல மற்றவர் அட்டையை எடுக்கலாம்.

நாக்கு நுனி மேல்பல்லின் பின்புறம் தொட்டால் 'ல'. மடங்கி மேலண்ணத்தைத் தொட்டால் 'ள'. மடங்கியும் தொடாமல் நின்றால் 'ழ'.

இடையிடையே வேண்டுமென்றே தவறான அட்டையை எடுங்கள். 'தப்பு!' என்று குழந்தை துள்ளும். சரியாகச் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் வீட்டில் 'மளை' பெய்யாது!