பேர் மாறிச்சு, போர்டு மாறிச்சு... பாக்ஸருக்கு என்ன மாறிச்சு?



ஒரு தேசிய விளையாட்டுச் சம்மேளனத்தோட இமேஜ் கெட்டுப்போனா என்ன செய்றாங்க? புது லோகோ, புது ஜெர்சி, சில சமயம் புது பேரே வச்சிடுறாங்க. இது வேலைக்கு ஆகுமா? ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் ரத்தத்துல கலந்த குத்துச்சண்டையோட கதையைப் பாருங்க.

🔴 2012 டிசம்பர்: தேர்தல் குளறுபடி காரணமா இந்திய அமெச்சூர் குத்துச்சண்டை சம்மேளனத்தை உலக அமைப்பு இடைநீக்கம் செய்தது.

🔴 2013: அல்மாட்டி உலக சாம்பியன்ஷிப்பில் நம்ம பசங்க தேசியக் கொடி இல்லாம, உலக அமைப்போட கொடியின் கீழ் ரிங்குல ஏறினாங்க.

🔴 2014: 'பாக்ஸிங் இந்தியா'ன்னு புது அமைப்பு. அடுத்த வருஷம் மே மாசமே அதன் தலைவரை நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு இறக்கினாங்க.

🔴 2016 செப்டம்பர்: 'பாக்ஸிங் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா'. இது மூணாவது பேர்.

நாலு வருஷத்துல மூணு போர்டு. விலை கொடுத்தது யாரு? 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு 8 இந்திய பாக்ஸர்கள் போனாங்க, மேரி கோம் வெண்கலம் வாங்கினாங்க. 2016 ரியோவுக்குப் போனது 3 பேர். பதக்கம் பூஜ்யம்.

உலக அமைப்பு மட்டும் யோக்கியமா? ஏ.ஐ.பி.ஏ.ங்கிற பேரை 2021ல் ஐ.பி.ஏ.ன்னு சுருக்குச்சு. நிர்வாகம் திருந்தல. 2023ல் ஒலிம்பிக் கமிட்டி அங்கீகாரத்தையே பிடுங்கிடுச்சு.

'ஸ்பான்சர் வரணும்னா லோகோ நல்லா இருக்கணுமே'ன்னு கேட்கலாம். இருக்கட்டும், தப்பில்ல. ஆனா 2018ல் டெல்லியில் மேரி கோம் ஆறாவது உலகத் தங்கம் வென்றப்போ, 2025ல் லிவர்பூலில் ஜெய்ஸ்மினும் மீனாட்சியும் தங்கம் அடிச்சப்போ நாடே திரும்பிப் பார்த்துச்சு. இமேஜை மீட்டது டிசைனர் இல்ல, பாக்ஸர்.

வடசென்னைக்கு இதுல என்ன? நம்ம பகுதிப் பையனுக்கு பாக்ஸிங்ங்கிறது மெடல் மட்டும் இல்ல, ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையும்தான். ரயில்வே, போலீஸ்னு எங்க விண்ணப்பிச்சாலும் அங்கீகாரம் உள்ள சங்கத்தோட சான்றிதழ் கேட்பாங்க. மேல பதவிச் சண்டையில அங்கீகாரம் போனா, கீழ ஒரு குடும்பத்தோட சோறு ஆட்டம் காணும். வயசு வரம்பு யாருக்காகவும் காத்திருக்காது.

சார்பட்டா, இடியப்ப நாயக்கர்னு பரம்பரை பேர் சொல்லி சண்டை பார்த்த ஊர் இது. 1980ல் முகமது அலி வந்து நேரு ஸ்டேடியத்துல காட்சிப் போட்டி ஆடின சென்னை இது. இங்க பரம்பரைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பேனர் இல்ல, ரிங்குல நின்னவன்.

அதனால நம்ம கோரிக்கை மூணே மூணு:

✅ தேர்வு மதிப்பெண்ணையும் வீடியோவையும் அன்னைக்கே பொதுவில் வெளியிடுங்க. 2023ல் தேர்வு முறையை எதிர்த்து மூணு வீராங்கனைகள் டெல்லி உயர் நீதிமன்றப் படி ஏறினாங்க. நீதிமன்றம் தேர்வில் தலையிடல. ஆனா ரிங்குல இருக்க வேண்டியவங்க கோர்ட்டுல நின்னா, அதைவிட இமேஜ் டேமேஜ் வேற என்ன?

✅ 2025 தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் செயற்குழுவில் வீரர்களுக்கு இடம் கொடுக்கச் சொல்லுது. அது பேருக்கு இருக்கக் கூடாது, அவங்களுக்கு ஓட்டும் குரலும் வேணும்.

✅ ஒரு தேசியப் போட்டியையாவது வடசென்னைக்குக் கொண்டுவாங்க. கூட்டத்தை நாங்க பார்த்துக்கிறோம்.

இதைச் செஞ்சா பழைய லோகோவே பளபளக்கும். செய்யலைன்னா நாலாவது பேர் தேட வேண்டியதுதான்.

உங்க தெருவுல பாக்ஸிங் பழகுற தம்பி, தங்கச்சி இருந்தா அவங்களுக்கு இதை ஷேர் பண்ணுங்க. 🥊

#பேர்_வேண்டாம்_நியாயம்_வேணும் #வடசென்னை_குத்துச்சண்டை