பலகை பிடித்தவரின் பெயர்



நம் வாலிபர் கூட்டத்தின் கல்லூரி மாணவர்கள், தாங்களே எழுதி மெட்டமைத்த பாடல் ஒன்றைப் படமாக்கியிருப்பதை அறிவீர்கள். வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் அது திரையிடப்படும். அதற்குமுன் தீர்க்கவேண்டிய ஒரு சிறு விவாதம் கமிட்டியில் எழுந்தது. படத்தின் முடிவில், உழைத்த பதினொரு பேரின் பெயர்களும் வரவேண்டுமா? "மகிமை தேவனுக்கே உரியது, பெயர்கள் எதற்கு?" என்று நம் மூப்பர் ஒருவர் கேட்டார். பலர் தலையசைத்தார்கள். அந்தச் சனிக்கிழமை நான் ஆலயத்தில் இல்லாதிருந்தால் நானும் தலையசைத்திருப்பேன்.

அன்று காலை ஏழு மணிக்குச் சென்றேன். பாடும் சகோதரி கிழக்கு ஜன்னலருகே நின்றிருந்தாள். முன்பே பதிவுசெய்த பாடல் ஒலிபெருக்கியில் ஓட, அதற்கேற்ப அவள் வாயசைக்கவேண்டும். ஜன்னல் வெளிச்சம் முகத்தின் ஒரு பாதியில் விழுந்தது, மறுபாதி இருண்டிருந்தது. அந்தப் பாதிக்கு எதிரே ஒரு தம்பி வெள்ளைத் தெர்மாகோல் பலகையொன்றைத் தூக்கிப் பிடித்திருந்தான். ஜன்னலின் ஒளி அதில் பட்டுத் திரும்பி, நிழலை மெல்லக் கரைத்தது. வாடகை விளக்குகளுக்குப் பணமில்லாததால் செய்த உபாயம் என்று நினைத்தேன். ஒளிக்குப் பொறுப்பேற்றிருந்த மாணவி என்னைத் திருத்தினாள். சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்துக்காகக் காசி நகரத்து வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவில் அமைத்தபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியை விரித்து, அதில் விளக்கொளியைத் திருப்பித்தான் திறந்த வானத்தின் மென்மையை வரவழைத்தாராம்.

எனக்கோ ஆலயம் இருட்டாகத் தோன்றியது. சபையின் படம் பளிச்சென்று இருக்கவேண்டாமா? "எல்லா ட்யூப்லைட்டையும் போடுங்கள்" என்றேன். அந்தப் பிள்ளை ஒருகணம் தயங்கினாள். பிறகு, "சரிங்க ஐயா" என்றாள். போதகர் சொன்னால் யார் மறுப்பார்? முக்கால் மணி நேரம் அப்படியே படம் பிடித்தார்கள். அதன்பின் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தால், முகம் பச்சை பூத்திருந்தது. திரையில் இருண்ட பட்டைகள் மேலும் கீழும் ஓடின. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. நம் ஆலயத்தின் பழைய ட்யூப்லைட்டுகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கம், ஷட்டரின் வேகம் அதற்கு ஒத்துவராதபோது காமிராவுக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்குள் சூரியனும் ஜன்னலை விட்டு ஏறத் தொடங்கியிருந்தது. என்னை ஒருவரும் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இழந்த நேரத்தை ஈடுசெய்ய அவசரம் வந்தது. அவசரத்தோடு சினமும் வந்தது. முகத்தில் நிழல் ஆடுகிறது என்று பாடும் சகோதரி பலகை பிடித்த தம்பியைச் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டாள். பலகை ஓர் அடி நகர்ந்தாலும் கன்னத்தின் நிழல் மாறிவிடும். ஒரு ஷாட் அடுத்த ஷாட்டோடு ஒட்டாது. அவள் சொன்னது உண்மைதான். ஆனால் அவன் இரண்டு மணி நேரமாகக் கையை இறக்கவில்லை என்பதும் உண்மை. பலகையைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

போய்ச் சமாதானம் பேசுவது போதகரின் வேலை என்று எழுந்தேன். ஒளிப் பொறுப்பாளி என்னை முந்திக்கொண்டாள். அவள் ஒன்றும் பேசவில்லை. பாடும் சகோதரியின் கையில் பலகையைக் கொடுத்து, "அக்கா, அடுத்த ஷாட்டில் ஜன்னலும் மெழுகுவர்த்தியும் மட்டும்தான். நீங்கள் கொஞ்சம் பிடியுங்கள்" என்றாள். தெர்மாகோலுக்குக் கனமில்லை, ஆனால் திறந்த ஜன்னலின் காற்று அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஏழெட்டு நிமிடத்தில் அந்தச் சகோதரியின் தோள்கள் நடுங்கின. பலகையை இறக்கியதும் அவளே வேப்பமரத்தடிக்குப் போனாள். என்ன பேசினார்களோ, எனக்குத் தெரியாது. திரும்பி வருகையில் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப்பின் ஒவ்வொரு ஷாட்டிற்கும் முன் அவள் அவனைப் பார்த்து, "தம்பி, சரியா?" என்று கேட்டாள்.

இனி மூப்பரின் கேள்விக்கு வருகிறேன். அவர் வேதத்தைக் காட்டியே பேசினார். லேவியராகமம் 24-ஆம் அதிகாரத்தில், குத்துவிளக்குக்கு வேண்டிய ஒலிவ எண்ணெயை ஜனங்கள் கொண்டுவரும்படி கட்டளை உண்டு. அவர்களுடைய பெயர்கள் எழுதப்படவில்லை. அந்த விளக்கு எரிவதைப் பார்க்க அவர்கள் பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழைந்ததுமில்லை. இது வலுவான வாதம். நான் அதை எளிதில் தள்ளமாட்டேன். ஆனால் ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த பெசலெயேலையும் அகோலியாபையும் பெயர் சொல்லி எழுதியதும் அதே மோசேயின் ஆகமங்கள்தாம். ரோமர் 16-ஆம் அதிகாரத்தில் பவுல் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதிய தெர்தியுவும் நடுவே தன் பெயரைச் சொல்லி வாழ்த்துகிறார். பவுல் அதை அடித்துவிடவில்லை.

மேலும், பெயர் வேண்டாமென்று நாம் தீர்மானிக்கும்போது யாருடைய பெயர் போகிறது? பாடியவளின் பெயரும் என் பெயரும் விளம்பரத் தாளில் ஏற்கெனவே பெரிய எழுத்தில் அச்சாகிவிட்டன. தாழ்மையை நாம் எப்போதும் நிழலில் நிற்பவர்களிடமே கேட்கிறோம். மேடையில் இருப்பவர்களிடம் கேட்பதில்லை. சமையற்கூடத்தில், ஒலிப்பெட்டியருகில், பண்டிகை முடிந்தபின் நாற்காலி மடக்குமிடத்தில் நம் சபை இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. அந்தத் தம்பி அன்று வேப்பமரத்தடியிலிருந்து அப்படியே வீட்டுக்குப் போயிருந்தால், இரண்டு ஞாயிறு கழித்து, "ஏன் ஆலயத்துக்கு வருவதில்லை?" என்று நாமே அவனைக் குறைகூறியிருப்போம்.

கமிட்டி இரண்டாம் முறை கூடியபோது இதையெல்லாம் சொன்னேன், ட்யூப்லைட் விஷயத்தையும் சேர்த்தே. மூப்பர் நெடுநேரம் மௌனமாயிருந்தார். பிறகு, "எல்லாப் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும்" என்றார். அப்படியே தீர்மானமாயிற்று. படத்தின் தொடக்கத்திலிருந்த என் பெயரைக் கடைசிக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். அங்கே ஒவ்வொரு பெயரோடும் அவரவர் செய்த வேலையையும் போடுகிறார்களாம், "உங்களுக்கு என்ன போடுவது ஐயா?" என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை.