மூடும் முன் கணக்கெடுங்கள்!

ஆகுர்டியில் உழைக்கும் நம்மில் பலருடைய குழந்தைகள் ஊரில் பாட்டியிடம் வளர்கிறார்கள். எனவே ஊர்ப் பள்ளியில் நடப்பது நமக்கு அயலார் சங்கதி அல்ல.

2019 ஜனவரியில் தமிழக அரசு, நடுநிலைப் பள்ளி வளாகங்களிலிருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. 2022 ஜூனில் அவற்றைக் கைவிடுவதாகச் செய்தி வந்தது; அங்கிருந்த ஆசிரியர்கள் தொடக்கப் பள்ளிகளுக்குத் தேவை என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பவே, வகுப்புகள் தொடரும் என்று சில நாட்களில் அரசு அறிவித்தது. அதை வரவேற்கிறோம். ஆனால் அந்தப் படிப்பினையை மறக்கலாகாது.

மழலை வகுப்பு மூடினால் வசதியுள்ளவர் வேன் வைத்துத் தனியார் பள்ளிக்கு அனுப்பிவிடுவார். கூலி வேலைக்குப் போகும் தாய் என்ன செய்வாள்? அவள் வேலையை விட வேண்டும். இல்லையேல் தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காள் படிப்பை நிறுத்த வேண்டும். அரசு மிச்சம் பிடிக்கும் காசை ஏழைப் பெண்களே கட்டுகிறார்கள்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் உரிமை தருகிறது. அதற்குக் கீழே அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்பதோடு சரி. அது 'செய்ய வேண்டும்' என்று மாற வேண்டும்.

எந்த வகுப்பை மூடுவதானாலும், பாதிக்கப்படும் பிள்ளைகள் யார், பெண்கள் எத்தனை பேர், அடுத்த பள்ளி எவ்வளவு தூரம் என்று கணக்கெடுத்து முதலில் கிராம சபையில் வைக்கட்டும். மே விடுமுறைக்கு ஊர் செல்லும் தோழர்களே, மே 1 கிராம சபையில் எழுந்து இதைக் கேளுங்கள்!