ஒகேனக்கல் ட்ரிப்பா? பாப்பாரப்பட்டியையும் பிளான்ல சேருங்க!

பென்னாகரம்னா பலருக்கும் ஒகேனக்கல் போற வழியில் வரும் ஒரு பஸ் ஸ்டாண்டு, அவ்வளவுதான். அங்கிருந்து சுமார் 16 கி.மீ. காட்டுப்பாதையில் இறங்கினால் அருவி. எண்ணெய் மசாஜ், பரிசல், சுடச்சுட மீன் வறுவல்... ரீல்ஸுக்கு இது போதும்தான்.

ஆனா கிளம்பும் முன் பிலிகுண்டுலு நீர்வரத்து எவ்வளவுன்னு நியூஸ்ல பார்த்துடுங்க. கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்தால் அந்த அளவு கிடுகிடுவென ஏறும். குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை வரும். டூர் வந்தவர்களுக்கு ஒரு சண்டே வேஸ்ட். பரிசல் ஓட்டிகளுக்கோ அன்றைய வருமானமே போச்சு.

அப்படித் தடை வந்தாலும் உடனே ஊர் திரும்ப வேண்டியதில்லை. பென்னாகரம் வட்டாரத்தில்தான் பாப்பாரப்பட்டி இருக்கிறது. வ.உ.சி.யோடு தண்டிக்கப்பட்ட சுப்பிரமணிய சிவாவை, சிறையில் தொழுநோய் பிடித்தது. ரயிலில் ஏற்ற மறுத்தபோது ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசியவர் அவர். இங்கே பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட நினைத்தார். அது முடியாமலே 1925 ஜூலை 23-ல் இதே ஊரில் கண்மூடினார். இப்போது அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. டிக்கெட் கியூவில் நிற்கும் நேரத்தில் பாதி போதும், பார்த்துவிடலாம். ஒகேனக்கல் டூர் பேக்கேஜ்களில் மட்டும் இந்தப் பெயர் ஏன் வர மாட்டேங்குது?